கை தூக்காதவர்கள்

பைன் ரேபிட்ஸ், விஸ்கான்சின்
பிப்ரவரி 3

ரஸ் அண்ணாவுக்கு,

உன் எண்ணை என் போனில் முடக்கிவைத்திருக்கிறேன். நீ அழைத்துப் பிரயோசனம் இல்லை. டெப் அண்ணியைத் தூது அனுப்பவும் வேண்டாம். பதினைந்து வருடமாக நம் காகித ஆலைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்துகொண்டு எல்லோருக்கும் நீ சொல்கிற ஒரே பாடம், "வாயால சொன்னது காத்தோட போச்சு, எழுதிக் குடு" என்பதுதான். சரி, எழுதிக் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ்காரர்களின் பதில் வந்தது. புது ஒப்பந்தத்தில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் காப்பீடு வாங்கிவிட்டோம் என்று நீ நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்தாயே, அதை நம்பித்தான் டாக்டர் எழுதித் தந்த சிகிச்சைத் திட்டத்தை அனுப்பியிருந்தேன். மறுத்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி. பதினான்காம் பிரிவின்படி 'கணவன், மனைவி இருவரின் சொந்த உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே' காப்பீடாம். எங்களுக்கு வெளியே இருந்து தானம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஏன் என்று கேட்காதே. கையிலிருந்து போட்டு ஒரு தடவை செய்து பார்த்தோம், தங்கவில்லை. இன்னொரு தடவைக்கு எங்களிடம் வழியில்லை. ஜூன் மாதம் எனக்கு நாற்பது முடிகிறது. இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிசம்பரில் எங்களுக்குப் படித்துக் காட்டிய வரைவில் 'தானம் உட்பட' என்று இருந்தது. நகல் என்னிடம் இருக்கிறது. ஜனவரி பதினொன்றாம் தேதி அது 'சொந்த' என்று மாறிவிட்டது. எப்படி மாறியது என்று கூட்டக் குறிப்பில் இருக்காது, அதனால் நான் கண்ணால் பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நாங்கள் இருநூறு பேர் அரங்கில் மடக்கு நாற்காலியில் காத்திருந்தோம். நீ பேச்சுவார்த்தை அறையிலிருந்து காபிக் கோப்பையோடு வெளியே வந்தாய். "கடைசியா ஒரே ஒரு விஷயம்பா. கடன் வாங்குன விதையில வெவசாயம் பண்றவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க" என்றாய். அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்தாய். இரண்டு விநாடி சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். குறிப்பில் 'ஆட்சேபம் இல்லை' என்று ஏறியது.

இப்படிக் கேட்கச் சொல்லி உனக்கு யார் சொன்னது? பதிலை எழுத்தில் கொடு.

ஜோலீன்


வடக்கு மிஷிகன்
பிப்ரவரி 9

ஜோ,

உன் கடிதத்தை டெப் இங்கே மோட்டலுக்கு அனுப்பிவைத்தாள். இந்த ஊர் ஆலைச் சங்கத்துக்குப் பேச்சுவார்த்தையில் துணைக்கு வந்திருக்கிறேன், ஈஸ்டர் வரைக்கும் இங்கேதான் குடி. மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை வருத்தமாக இருந்தது, மூன்றாவது தடவை கோபம் வந்தது.

அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி நேரம். கருத்தரிப்புச் சிகிச்சை என்ற வார்த்தையை எடுத்தாலே கம்பெனி வக்கீல் ஜன்னல் பக்கம் பார்ப்பான். நம் ஆலையின் எழுபது வருடச் சரித்திரத்தில் இதை யாரும் வாங்கியதில்லை. நான் வாங்கினேன். கடைசியில் அவன் சொன்னான், "தானம்ங்கறத எடுத்துடு, பிரீமியத்த ஏத்தாம விட்டுடறேன்." பிரீமியம் ஏறினால் இருநூற்றுப் பதினான்கு குடும்பத்துக்கும் அடி. தானம் வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வெளியே வந்து கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. பிறகு நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?

நீ இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். கையில் டோனட் வைத்திருந்தாய். அந்தக் கையைத் தூக்கியிருக்கலாமே. டோனட்டோடு தூக்கியிருந்தாலும் கணக்கில் எடுத்திருப்பேன்.

கேட்ட விதம் சரியில்லை என்கிறாய். பதினோரு மணி நேரம் கழித்து மனுஷன் வாயில் என்ன வருமோ அதுதான் வரும். சிரிக்காமல் அந்த ஆலையில் யாரால் வேலை பார்க்க முடியும்?

வயது காரணமாக உனக்குக் கருமுட்டை தானம் வேண்டியிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, மூன்று வருடத்துக்கு அசைக்க முடியாது. மச்சானிடம் சொல், இங்கே ஏரியில் இன்னும் நல்ல உறைபனி, மீன் வரிசையில் நின்று மாட்டுகிறது.

ரஸ்


பைன் ரேபிட்ஸ்
பிப்ரவரி 15

அண்ணா,

என் கருமுட்டைக்கு ஒன்றும் இல்லை. 'இப்போதைக்கு' என்று டாக்டர் சேர்த்துக்கொள்கிறார், அந்த ஒரு சொல்லோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். குறை என்னுடையது என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய் பார், அதற்கே உன்மேல் தனியாக ஒரு புகார் எழுத வேண்டும்.

உன் மச்சான் கர்ட்டுக்குத்தான் வழி இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் குளிர்காலத்தில் ஆலை விடுதியில் பாதிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததே, நினைவிருக்கிறதா? உனக்குக் கன்னம் வீங்கியதோடு போயிற்று. அவருக்குக் கீழே இறங்கிவிட்டது. அது என்ன செய்துவிட்டுப் போனது என்று எட்டு வருடத்துக்கு முன்னால்தான் எங்களுக்கே தெரிந்தது. உயிரணு ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். "யார்கிட்ட வேணா சொல்லு, ரஸ்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார் ஒரு நாள். ஏன் தெரியுமா? அதற்கு முந்தின வாரம்தான் நன்றியறிதல் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, உன் மூன்று பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நீ கேட்டாய்: "என்ன மச்சான், இத்தன வருஷமா பனியில துளை போட்டு உக்காந்திருக்க, ஒரு மீனும் மாட்டலியே?" அவர் சிரித்துவிட்டு, "தூண்டில் சரியில்ல" என்றார். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி பதினொன்றாம் தேதி அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். நீ விதை என்றதும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். உனக்குக் கேட்டிருக்கும். டோனட் இருந்தது என் இடது கையில். வலது கை மடியைவிட்டுக் கொஞ்சம் எழுந்தது அண்ணா. அதைக் கர்ட் பிடித்துக்கொண்டார். அரங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடித்திருந்தார்.

நான் உனக்கு இதைச் சொன்னது அவருக்குத் தெரியக் கூடாது.

ஜோலீன்


வடக்கு மிஷிகன்
பிப்ரவரி 24

ஜோ,

ஐந்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறது. கர்ட் காலை அகட்டி வைத்து நடந்தான். அவனுக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தது நான்தான். அடுத்த வருடம் வரைக்கும் மூன்றாம் எந்திரத்தில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவான்.

ஆக வேண்டியதைச் சொல்கிறேன். சங்கத்தின் வக்கீலிடம் பேசினேன், பெயர் சொல்லவில்லை. சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு தவறான தகவலின்மேல் எழுதப்பட்டது என்றால், கையெழுத்தான தொண்ணூறு நாளுக்குள் புகார் கொடுத்து அதைத் திறக்கச் சொல்லலாம். ஏப்ரல் பதினொன்று கடைசி நாள். ஆனால் சட்டப்படி அதில் பாதிக்கப்பட்ட உறுப்பினரின் பெயர் இருக்க வேண்டும். 'யாரோ ஒருவர்' என்று எழுதினால் கம்பெனி குப்பையில் போட்டுவிடும். சட்டப்படி புகாரின் நகல் ஆலையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். சட்டப்படி கர்ட்டின் பெயர்தான் வேண்டும் என்று இல்லை. நீயும் உறுப்பினர்தான், உன் பெயர் போதும்.

பெயரைக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரஸ்


பைன் ரேபிட்ஸ்
மார்ச் 4

அண்ணா,

என் பெயரைப் பலகையில் ஒட்டினால் அது கர்ட்டின் பெயர்தான். ஆலையில் யாருக்கு இது புரியாது? உனக்கு மட்டும்தான் புரியவில்லை.

உன் கடிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருந்தேன், என் முட்டாள்தனம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அவன்கிட்ட சொல்லிட்டியே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் பக்கத்துல உக்காந்து மீன் பிடிப்பேன்?" என்று கேட்டுவிட்டு, உறைந்த ஏரிமேல் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிலுக்குப் போய்விட்டார். மார்ச் பிறக்கிற நேரம். பனி இளகத் தொடங்கிவிட்டது, குடில்களை எல்லோரும் கரைக்கு இழுத்துவிடுங்கள் என்று ஷெரிஃப் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஏரிமேல் அவருடையது ஒன்றுதான் நின்றது. மூன்று நாள் நான் கரையில் வண்டியை நிறுத்தி அந்தக் குடிலின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நான்காம் நாள் குடிலை இழுத்துக்கொண்டு அவரே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பெயர் கிடையாது. விட்டுவிடு.

இன்னொன்று. உன் கடிதத்தில் 'சட்டப்படி' என்று நான்கு தடவை எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். 'மன்னித்துவிடு' என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறாய் என்று நீயே எண்ணிப் பார்.

ஜோலீன்


வடக்கு மிஷிகன்
மார்ச் 12

ஜோ,

மன்னித்துவிடு. விருந்தில் கேட்டதற்கு, வாத்து என்றதற்கு, அரங்கில் கேட்டதற்கு. முதல் இரண்டும் உங்களுக்குச் செய்தது. மூன்றாவது சங்கத்துக்கே செய்தது, அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. தலைவன் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களிடம், கை தூக்கினால் சிரிப்பார்கள் என்று முதலிலேயே காட்டிவிட்டு, பிறகு கை தூக்கச் சொல்லியிருக்கிறேன். அதை ஒரு வாக்கெடுப்பு என்று மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுபடி கேட்கப் போகிறேன். மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, அரங்கில். கை தூக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், ஒரு பென்சில். தானம் உட்பட காப்பீடு உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ வேண்டுமா, ஆம், இல்லை. மடித்துக் காபி டப்பாவில் போட வேண்டியது. வெற்றுத் தாளையும் மடித்துப் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று தெரியாது. பெயர் தர விரும்புகிறவர்கள் தரலாம், நான் ஒருவன்தான் பார்ப்பேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. டப்பாவில் ஒரே ஒரு 'ஆம்' இருந்தால் மொத்த அரங்கமும் யார் யார் என்று திரும்பிப் பார்க்கும். அப்படி நடந்தால் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன், அதற்காக என்னைத் தலைவர் பதவியிலிருந்து தூக்கினாலும் சரி.

வா. முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா.

ரஸ்


பைன் ரேபிட்ஸ்
மார்ச் 18

அண்ணா,

வருகிறோம். வெற்றுத் தாள்தான் போடுவேன் என்று கர்ட் சொல்லிவிட்டார். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அதற்காக வருகிறார்.

அதனால் டப்பாவில் ஒரு 'ஆம்' நிச்சயம், அது என்னுடையது. மற்றது உன் பாடு. ஒரே ஒரு கேலி வாயிலிருந்து வந்தாலும் எழுந்து போய்விடுவேன்.

ஜோலீன்


வடக்கு மிஷிகன்
ஏப்ரல் 2

ஜோ,

கூட்டம் முடிந்ததும் நீங்கள் இருவரும் நேரே வண்டிக்குப் போய்விட்டீர்கள். உன்னிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று பின்னால் ஓடி வந்தேன், அதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அதனால் இதையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்பது 'ஆம்' என்று மேடையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அதை நீயே பார்த்தாய். ஜனவரியில் அதே அரங்கில், அதே நாற்காலிகளில், இந்த ஒன்பது பேரும் இருந்திருக்கிறார்கள். என் எதிரில் இருந்து என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். சங்கத்தில் யாருக்கு முதுகுவலி, யாருக்கு வீட்டுத் தகராறு என்று எல்லாம் எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் சொல்லாதது சில உண்டு. ஒரு தாளில் 'என் மகளுக்கு' என்று இருந்தது. இன்னொன்றில், 'எங்களுக்குக் காலம் போய்விட்டது. இருந்தாலும் ஆம்.' அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழிப்பறையில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தாளில் பெயர் இருந்தது. காகித உருளைமேல் எடை எழுதுகிற அதே பட்டை எழுத்து. 'கர்ட் லிண்ட்ஹோம். மூன்றாம் எந்திரம். எனக்கு வேண்டும்.'

உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். புகாரை அனுப்புவதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். "மச்சான், இது பலகையில ஏறும், நல்லா யோசிச்சியா?" என்றேன். "படிக்கத் தெரியும்ல உனக்கு? எழுதியிருக்கறத அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

புகார் இன்று போய்விட்டது. அவன் எழுதிய தாளை அதோடு சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். முப்பது நாளில் கம்பெனி பதில் சொல்ல வேண்டும்.

ரஸ்


பைன் ரேபிட்ஸ்
மே 6

ரஸ் அண்ணா,

பதில் வந்துவிட்டது. உனக்கும் நகல் வந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மறுத்துவிட்டார்கள். 'பிரிவின் வாசகம் தெளிவாக உள்ளது. உறுப்பினர்களிடம் கேட்கப்பட்டபோது ஆட்சேபம் இல்லை என்று சங்கத்தின் கூட்டக் குறிப்பே கூறுகிறது.' உன் குறிப்பைக் கொண்டே நம்மை அடித்திருக்கிறார்கள். அடுத்த கட்டம் நடுவர் விசாரணை, செப்டம்பரில். அதற்குள் எனக்கு நாற்பது முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். சிகிச்சை மையத்துக்குப் போன் செய்தேன். காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்திருப்பார்களாம், எனக்காக மாதங்களை நிறுத்திவைக்க அவர்களால் முடியாதாம். அந்தப் பெண் நல்ல குரலில்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு மேசையில் இருந்த தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். கல்யாணத்துக்கு நீ வாங்கித் தந்த தட்டு, வருந்தாதே. எனக்கு இன்னும் உன்மேல் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியவில்லை.

புகார் பலகையில் ஏறிய வாரம் கர்ட்டிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நானாவது ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார் போல, நானும் கேட்கவில்லை. போன வியாழக்கிழமை மறுப்புக் கடிதம் வந்தது. அவர் பெயர் மேலே தடித்த எழுத்தில் இருக்கிறது. படித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு போய்க் குளிர்பெட்டிக் கதவில், காந்த வில்லை வைத்து, கண்ணுக்கு நேரே ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் வறுவல், எப்போதும் வருகிற கூட்டம்தான். "இன்னிக்கு மட்டும் அத எடுத்துடவா?" என்று கேட்டேன். "பியர் எடுக்க வர்றவன் படிக்கட்டும்" என்றார்.

முதலில் போனது மெல்வின். உனக்குத் தெரியும், வாயை மூடாத ஆள். குளிர்பெட்டி முன்னால் போனவன் கதவைத் திறக்கவே இல்லை. முழுவதும் படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, கர்ட் மீன் பொரிக்கிற இடத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் பொண்ணுக்கும் இதேதான்" என்றான். கர்ட் எண்ணெயைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "எத்தன வருஷமா?" என்றார். "அஞ்சு" என்றான். மீன் கொஞ்சம் கருகிவிட்டது, அப்படியே தின்றோம்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடு, ஆனால் இது போனில் முடிகிற விஷயம் இல்லை. நடுவர் முன்னால் கம்பெனி அந்த 'ஆட்சேபம் இல்லை' என்ற வரியைத்தான் வைக்கப் போகிறது. கேட்டவன் நீ, அன்றைக்கு நடந்தது என்ன என்று நீதான் சொல்ல வேண்டும். உன்னைப் பதினைந்து வருடத் தலைவர் என்று மதிக்கிற ஆட்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகும் உன்னைத் தலைவராக வைத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது.

நீ ஜனவரி பதினொன்றாம் தேதி கேட்ட கேள்வியை, கேட்டது கேட்டபடி, ஒரு சொல் விடாமல், நீ சிரித்ததையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடு.

ஜோலீன்